மோனோவியின் இரண்டாவது ஆள்

2021 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்க சென்சஸ் பீரோ, அதற்கு முந்தைய ஆண்டு எடுத்த தலைக்கணக்கை ஊர்வாரியாக வெளியிட்டது. நெப்ராஸ்கா மாநிலத்தின் வடக்கு ஓரத்தில், பாய்டு கவுண்டியில் இருக்கும் மோனோவி என்ற ஊருக்கு நேரே 2 என்று போட்டிருந்தது. 2010 கணக்கில் அது 1. சதவீதம் போட்டுப் பார்த்தால் மக்கள்தொகை இரட்டிப்பு! அக்கம்பக்கத்து ஊர்கள் பலவும் தேய்ந்துகொண்டிருந்த பத்தாண்டில் இந்த ஊர் அப்படி வளர்ந்திருந்தது.

2010-இன் அந்த ஒருவர் எல்சி ஐலர் என்ற மூதாட்டி. புதிய எண்ணைப் பற்றிப் பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது அவருக்கே வியப்பு. அப்படியென்றால் யாரோ என் கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டிருக்க வேண்டும், ஆனால் என் வீட்டை விட்டால் இங்கே குடியிருக்க இடமே இல்லையே என்று சொன்னார். அவர் சொன்னதுதான் சரி. அவரைத் தவிர அங்கே யாரும் இல்லை.

ஆனால் அந்த இரண்டாவது ஆள் எழுத்துப் பிழையும் இல்லை, கணக்கெடுக்க வந்தவரின் கவனக்குறைவும் இல்லை. தெரிந்தே, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, கணித அறிஞர்களின் மேற்பார்வையில் உருவாக்கப்பட்ட ஆள். அவர் பிறந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் முதலில் அந்த ஊரைச் சொல்ல வேண்டும்.

மோனோவி 1902-இல் ரயிலோடு பிறந்தது. ஃப்ரீமாண்ட், எல்க்ஹார்ன் அண்ட் மிசௌரி வேலி என்று நீளமான பெயர் கொண்ட ரயில் கம்பெனி தன் தடத்தை அந்தப் பக்கம் நீட்டியது. தடத்தோரம் ஊர் அமைந்தது. அதே ஆண்டு தபால் நிலையமும் வந்தது. அந்தச் சமவெளியில் ஊர்கள் நெருக்கமாக முளைத்ததற்குக் காரணம் குதிரை வண்டி. விவசாயி தானியத்தை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்து, விற்றுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். அந்தத் தூரத்துக்கு ஒரு ஸ்டேஷன், ஸ்டேஷனுக்கு ஒரு ஊர். 1930-களில் மோனோவி அதன் உச்சத்தில் இருந்தது. 1930 சென்சஸில் 123 பேர். மளிகைக் கடைகள், சாப்பாட்டுக் கடைகள், ஒரு சிறைகூட இருந்தது.

மோட்டார் வண்டி வந்ததும் குதிரை போட்ட தூரக்கணக்கு செல்லாமல் போயிற்று. டிராக்டர் வந்ததும் பத்துப் பேர் செய்த வேலைக்கு ஒருவர் போதும் என்றாயிற்று. சிறு பண்ணைகள் பெரிய பண்ணைகளுக்குள் கரைந்தன; பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் நகரத்துக்குப் போனவர்கள் திரும்பவில்லை. 1967-இல் தபால் நிலையத்தை மூடினார்கள், 1974-இல் பள்ளிக்கூடத்தை. 1980-இல் 18 பேர், 1990-இல் 6 பேர், 2000-இல் எல்சியும் அவர் கணவர் ரூடியும் மட்டும். 2004-இல் ரூடி காலமானார். இது ஓர் ஊரின் விதி மட்டுமல்ல. பாய்டு கவுண்டியில் 1910 வாக்கில் எட்டாயிரத்துக்கு மேல் இருந்தார்கள்; 2020-இல் 1,810.

ஊரில் ஒருவர்தான் இருக்கிறார் என்றால் ஊர் வேலையும் ஒருவருக்குத் தகுந்த மாதிரிக் குறைந்துவிடும் என்று நாம் நினைப்போம். ஆட்கள் குறையக் குறைய அரசாங்கத்தின் காகிதம் குறைவதில்லை. மோனோவி சட்டப்படி பதிவான ஓர் ஊர். ஆகவே அதற்குத் தலைவர் வேண்டும், எழுத்தர் வேண்டும், பொருளாளர் வேண்டும். மூன்றும் எல்சி. 2018-இல் அவருக்கு 84 வயது. ஆண்டுதோறும் தலைவர் தேர்தல் அறிவிப்பைத் தன் கடைச் சுவரில் ஒட்டுவார். தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்வார். மாநில நிதி வர வேண்டுமானால் சாலைத் திட்டம் ஒன்றை எழுதி அனுப்ப வேண்டும், அதையும் அனுப்புவார். நான்கு தெருவிளக்கும் தண்ணீரும் நிற்காமல் இருக்க, ஏறக்குறைய 500 டாலர் வரியைத் தன்னிடமிருந்தே வசூலிப்பார்.

இவற்றில் எனக்குப் பிடித்தது மது உரிமம். எல்சியின் பிழைப்பு 1970-களிலிருந்து அவரும் கணவரும் நடத்திவந்த மோனோவி டேவர்ன் என்ற மதுக்கடைதான். ஆண்டுக்கொரு முறை உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிப்பவர் கடைக்காரர். மாநில அரசு அந்தக் காகிதத்தை ஊர் அலுவலகத்துக்கு அனுப்பும். பெற்றுக்கொள்பவர் ஊர்ச் செயலர். பார்த்துக் கையெழுத்துப் போடுபவர் எழுத்தர். கையெழுத்தானதும் கடைக்காரரிடம் ஒப்படைக்கப்படும். இவ்வளவும் ஒரே மேசையில், ஒரே பேனாவில் முடிந்துவிடும். லஞ்சத்துக்கு வழியே இல்லாத ஒரே அலுவலகம் உலகத்தில் இதுவாகத்தான் இருக்கும்.

கடைக்குத் திங்கள்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் பீர் ஊற்றுவது, ஹாம்பர்கர் சுடுவது, காசு வாங்குவது, மேசை துடைப்பது எல்லாம் அவர்தான். சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் இருபது முப்பது மைல் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். கடையை ஒட்டிய சிறு கட்டடத்தில் ஒரு நூலகம். ரூடி சேர்த்துவைத்த சுமார் 5,000 புத்தகங்கள் அதில் இருக்கின்றன; ஊருக்கு ஒரு நூலகம் வைக்க வேண்டுமென்ற அவர் ஆசையை, அவர் இறந்த பிறகு குடும்பத்தாரும் நண்பர்களும் நிறைவேற்றினார்கள். நூலகரும் எல்சிதான். ஊராட்சி இருக்கும்வரைதான் தெருவிளக்கு. அதைக் கலைத்துவிட்டால் மோனோவி வரைபடத்தில் ஒரு பழைய பெயர், அவ்வளவே. அதனால்தான் இத்தனை காகிதத்தையும் அவர் பொறுமையாக நிரப்பினார்.

இப்போது சென்சஸ்காரரின் சங்கடத்துக்கு வருவோம்.

ஊர்களைப் பற்றிய அட்டவணையில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்த இனம், எந்த வயது, எத்தனை வீடு, வீட்டில் எத்தனை பேர் என்று வரிசையாக இருக்கும். பத்தாயிரம் பேர் வாழும் ஊருக்கு அவை புள்ளிவிவரம். மோனோவிக்கு அவை ஒரு மனுஷியின் சொந்த விவரம். ஊரின் இடைநிலை வயது அவருடைய வயது. ஊரின் இனப் பகுப்பு அவருடைய இனம். தனியே வாழ்பவர்கள் நூறு சதவீதம். அவர் பெயரை மட்டும் எழுதவில்லை, அவ்வளவுதான். அதையும் அந்தச் சாலையில் போகிற யாரிடம் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். சட்டமோ, தனி ஒருவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறும் ஊழியருக்கு ஐந்தாண்டுச் சிறை வரை உண்டு, 250,000 டாலர் அபராதமும் உண்டு.

சட்டம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1790-இல் நடந்த முதல் சென்சஸில், எடுத்த கணக்கை ஊரில் எல்லோரும் கூடும் இரண்டு இடங்களில் ஒட்டிவைக்க வேண்டும் என்பதுதான் விதி. விட்டுப்போனவர்கள் பார்த்துச் சொல்லட்டும் என்று. ரகசியம் காக்க வேண்டும் என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் மெல்ல நுழைந்தது. இன்று நடைமுறையில் உள்ள சட்டத் தொகுப்பு 1954-இல் வந்தது. பெயரோடு கூடிய படிவங்களை 72 ஆண்டுகள் பூட்டிவைக்க வேண்டும். 1950-இல் நிரப்பிய படிவங்களை 2022 ஏப்ரலில்தான் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள்.

நடுவில் ஒரு கறை உண்டு. 1942-இல், போர்க்கால அதிகாரச் சட்டம் ஒன்று ரகசியக் காப்பைத் தற்காலிகமாக விலக்கிவைத்தது. அதற்கு முன்பே, ஜப்பானிய வம்சாவளியினர் எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்று சிறுசிறு வட்டாரம்வரை பிரித்த அட்டவணைகளை சென்சஸ் பீரோ ராணுவத்துக்குக் கொடுத்திருந்தது. சுமார் 1,20,000 பேரைப் பிடித்து முகாம்களில் அடைப்பதற்கு அவை உதவின. பெயர் தேவைப்படவில்லை. எந்தத் தெருவில் எத்தனை பேர் என்று தெரிந்தாலே போதுமாக இருந்தது. பெயரும் முகவரியும் தனியே கைமாறிய சம்பவம் ஒன்று உண்டு என்பதை, மார்கோ ஆண்டர்சனும் வில்லியம் செல்ட்சரும் 2007-இல் ஆவணங்களோடு வெளியே கொண்டுவந்தார்கள். எண்ணிக்கை வெறும் எண்ணிக்கைதானே என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லலாம்.

கம்ப்யூட்டர் வந்த பிறகு ஆபத்து வேறு வழியாக வந்தது. 1990-களில் மாசசூசெட்ஸ் மாநில அரசு தன் ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயரை நீக்கிவிட்டு ஆய்வாளர்களுக்குத் தந்தது. யாருக்கும் பாதகமில்லை என்று ஆளுநர் வில்லியம் வெல்ட் உறுதி சொன்னார். எம்ஐடி மாணவியாக இருந்த லதான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். ஆளுநரின் பிறந்த தேதியில் பிறந்தவர்கள் அந்தப் பட்டியலில் ஆறு பேர். அதில் மூன்று பேர் ஆண்கள். அந்த மூவரில் ஆளுநரின் தபால் குறியீட்டில் வசித்தவர் ஒருவர்தான். ஆளுநருடைய மருத்துவப் பதிவு கையில் வந்துவிட்டது!

2003-இல் ஐரிட் டினூரும் கோபி நிஸ்ஸிமும் இதைவிட மோசமான செய்தியைக் கணிதமாகவே நிறுவினார்கள். ஒரு தரவுத்தொகுப்பைப் பற்றி மிக அதிகமான கேள்விகளுக்கு மிகத் துல்லியமான பதில்களைச் சொல்லிக்கொண்டே போனால், அந்தப் பதில்களைச் சமன்பாடுகளாக வைத்து உள்ளே இருக்கும் பதிவுகளை ஏறக்குறைய முழுவதுமாகத் திரும்பக் கட்டிவிடலாம். சென்சஸ் பீரோ செய்வதே அதுதான்: ஒரே மக்களைப் பற்றிக் கோடிக்கணக்கான எண்களை அச்சிடுவது.

இதற்கு மருந்து 2006-இல் வந்தது. சிந்தியா டுவொர்க், ஃபிராங்க் மெக்‌ஷெரி, கோபி நிஸ்ஸிம், ஆடம் ஸ்மித் நால்வரும் எழுதிய ஒரு கட்டுரை. பதினொரு ஆண்டு கழித்து அதற்கு கோடல் பரிசு கிடைத்தது. அதன் உள்ளே இருக்கும் ஆசை எளிமையானது: ஒருவர் கணக்கில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியே வரும் விடை கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்க வேண்டும். அப்போதுதான் விடையைப் பார்த்து, அவர் கணக்கில் இருந்தாரா, என்ன சொன்னார் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கு வழி, உண்மையான விடையோடு சீட்டுக் குலுக்கி எடுத்த ஒரு சிறு எண்ணைக் கூட்டுவதோ கழிப்பதோ. எவ்வளவு ஆட்டம் கொடுக்க வேண்டும் என்பதை அளந்து சொன்னதுதான் அந்த நால்வரின் சாதனை.

சீட்டுக் குலுக்கும் எண்ணம் அதற்கும் பழையது. 1965-இல் ஸ்டான்லி வார்னர், கூச்சமான கேள்விகளுக்கு மக்களிடம் உண்மை வாங்க ஒரு முறை சொன்னார். அதன் எளிய வடிவம் இப்படி: வரி ஏய்த்தது உண்டா என்று கேட்கிறோம். பதில் சொல்பவர் நமக்குத் தெரியாமல் காசு சுண்டுகிறார். தலை விழுந்தால் உண்மை சொல்ல வேண்டும், பூ விழுந்தால் எதுவானாலும் ‘ஆமாம்’ சொல்ல வேண்டும். நூறு பேரில் எழுபது பேர் ‘ஆமாம்’ என்றால், ஐம்பது பேர் அளவுக்குப் பூ சொல்லவைத்தது. காசு தலை விழுந்த ஐம்பது பேரில் இருபது பேர் ஏய்த்தவர்கள். ஊரின் நிலவரம் தெரிந்துவிட்டது. ‘ஆமாம்’ சொன்ன தனி ஆளைப் பிடித்துக் கேட்டாலோ, காசு பூ விழுந்தது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

இதை மோனோவியில் வைத்துப் பார்க்கலாம். எல்சி கணக்கில் இருந்தால் விடை 1. இல்லாவிட்டால் 0. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதபடி விடை வர வேண்டும். பத்து லட்சம் பேர் ஊரில் ஒருவர் கூடிக் குறைந்தால் யாருக்கும் தெரியாது. இங்கே அவர் ஒருவர்தான் முழு ஊர். டுவொர்க் கூட்டத்தின் கணிதத்துக்கு இதைவிடக் கடினமான பரீட்சைத் தாள் கிடையாது.

2000-இலும் 2010-இலும் சென்சஸ் பீரோ கையாண்டது வேறு முறை. எளிதில் அடையாளம் தெரியக்கூடிய சில குடும்பங்களின் பதிவுகளை, வேறு இடத்தில் உள்ள ஒத்த குடும்பங்களின் பதிவுகளோடு சத்தமில்லாமல் மாற்றிவைத்துவிடுவார்கள். எங்கே எதை மாற்றினோம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் தலை எண்ணிக்கையில் கைவைக்க மாட்டார்கள். அதனால்தான் 2010-இல் மோனோவிக்கு நேரே 1 என்று சரியாக வந்தது.

பிறகு, ஜான் அபௌட் தலைமை விஞ்ஞானியாக இருந்த காலத்தில், பீரோ தன் வீட்டுப் பூட்டைத் தானே உடைத்துப் பார்த்தது. 2010-இல் வெளியிட்ட அட்டவணைகளை மட்டும் வைத்துக்கொண்டு 30 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளையும் திரும்பக் கட்டினார்கள். இடம், பால், வயது, இனம் எல்லாம் அச்சாகப் பொருந்தியவை 46 சதவீதம். வணிக நிறுவனங்கள் விற்கும் பட்டியல்களோடு ஒட்டிப் பார்த்ததில் மக்கள்தொகையில் 17 சதவீதத்தினரின் அடையாளம் உறுதிப்பட்டது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மக்கள்தொகை அறிஞர் ஸ்டீவன் ரகிள்ஸ் இதை ஒத்துக்கொள்ளவில்லை. குருட்டாம்போக்கில் ஊகித்தாலே கிட்டத்தட்ட இவ்வளவு பொருந்தும் என்பது அவர் வாதம். அவர் சொல்வதில் பலம் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. ஆனால் பீரோ முடிவெடுத்துவிட்டது: 2020 கணக்குக்குப் புது மருந்து.

அதற்கு எழுதிய நிரலுக்கு டாப்டவுன் என்று பெயர். நாட்டின் கணக்கில் தொடங்கி மாநிலம், கவுண்டி, அதற்குக் கீழே தெருப் பகுதிவரை இறங்கிக்கொண்டே ஒவ்வொரு படியிலும் எண்களைச் சற்றே அசைக்கும். அசைத்த பிறகு மைனஸ் ஆட்கள் வரக் கூடாது, அரை ஆள் வரக் கூடாது, கீழ்ப்படி எண்களைக் கூட்டினால் மேல்படி எண் வர வேண்டும். எவ்வளவு அசைக்கலாம் என்பதற்கு எப்சிலான் என்ற அளவு உண்டு; அது கூடினால் துல்லியம் கூடும், மறைப்பு குறையும். தொகுதி வரையறைக்கான தரவுக்கு 19.61 என்று 2021 ஜூனில் முடிவானது. கணிதக்காரர்கள் இது அதிகம், மறைப்பு போதாது என்றார்கள். தரவைப் பயன்படுத்துபவர்கள் இது குறைவு, தவறு மலிந்துவிடும் என்றார்கள். அலபாமா மாநிலம் வழக்கே போட்டது. ஜூன் மாதக் கடைசியில் நீதிமன்றம் தள்ளிவிட்டது.

குறிப்பாக இரண்டு விஷயங்களை நிரல் தொடக் கூடாது. ஒன்று, வீடுகளின் எண்ணிக்கை. வீடுகள் எல்லா இடத்திலும் உள்ளபடியே வரும், ஆட்கள் மட்டும் அசைவார்கள். இந்த இரண்டும் ஒட்டாமல் போனதில் விசித்திரங்கள் கிளம்பின. பெரியவர்களே இல்லாமல் குழந்தைகள் மட்டும் வசிக்கும் தெருப் பகுதிகள் முளைத்தன. சிகாகோ நகரின் நடுவே ஆறு வளையும் இடத்தில், தண்ணீருக்குள் 14 பேர் குடியிருப்பதாகக் கணக்கு வந்தது.

மற்றொன்று, மாநிலத்தின் மொத்த மக்கள்தொகை. நாடாளுமன்ற இடங்களைப் பங்கிடுவது அதை வைத்துத்தான். நெப்ராஸ்காவுக்கு 19,61,504, அதில் ஒன்றுகூடக் கூடாது, ஒன்றுகூடக் குறையக் கூடாது. மோனோவிக்கு ஒருவர் வந்தார் என்றால் நெப்ராஸ்காவின் வேறெங்கோ ஒருவர் குறைந்தாக வேண்டும். வேறொரு ஊரில் ரத்தமும் சதையுமாக இருந்து, படிவத்தையும் ஒழுங்காக நிரப்பிக் கொடுத்த ஒருவர், கணக்கில் அந்த ஊரை விட்டுப் போயிருக்கிறார். எந்த ஊர் என்று பீரோ சொல்லாது. சொன்னால் மறைத்தது வீண்.

இத்தனை கணிதமும் யாரை மறைக்க என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. எல்சி ஐலரைத் தேடி உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வந்து பர்கர் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பிபிசி வந்தது. 2018 ஜூனில் ஆர்பீஸ் என்ற உணவகக் கம்பெனி, உலகத்திலேயே மிகப் பெரிய விளம்பரத் தட்டியை விரித்து கின்னஸ் சாதனை செய்ய இடம் தேடியபோது மோனோவியைத்தான் தேர்ந்தெடுத்தது. அவர் வயதும் வேலையும் அவர் கடையின் விலைப்பட்டியலும் பத்திரிகைகளில் வந்தாயிற்று. ஆனாலும் பீரோவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்சி தானாக விரும்பிப் பேட்டி கொடுத்தார், அது அவர் உரிமை. அரசாங்கம் வாங்கிய படிவத்தை அரசாங்கம் வெளியே சொல்வது வேறு. இவர் புகழை விரும்பினார் என்பதற்காக இவருக்கு மட்டும் விதியைத் தளர்த்த நிரலுக்குத் தெரியாது. பேட்டி கொடுக்க விரும்பாத ஆயிரம் பேர் இதே போன்ற சின்னச் சின்ன ஊர்களில் இருக்கிறார்கள்.

ஆனால் இந்த அசைவால் நட்டம் யாருக்கு என்ற கேள்வி அதோடு தீரவில்லை. அசைவு எல்லா இடத்திலும் ஒன்றிரண்டுதான் என்று வைத்துக்கொண்டாலும், ஒமாஹா போன்ற பெரிய நகரத்துக்கு அது தூசு. ஐம்பது பேர், முப்பது பேர் என்று வாழும் ஊர்களுக்கு, ஆள் குறைகிறதா கூடுகிறதா, பள்ளிப் பிள்ளைகள் எத்தனை, முதியவர்கள் எத்தனை என்பதையே புரட்டிப்போட்டுவிடும். சின்ன எண்களைத் தனியே நம்பாதீர்கள், பல பகுதிகளைக் கூட்டிப் பாருங்கள் என்பது பீரோவின் அறிவுரை. கவுண்டி முழுவதற்கும் திட்டம் போடுபவருக்கு அது சரி. தன் ஊருக்குச் சாலைத் திட்டம் எழுதி அனுப்ப வேண்டியவர் எதோடு எதைக் கூட்டுவார்?

கணக்கு தவறு என்று முறையிட பீரோ ஒரு வழி வைத்திருந்தது. 2022 ஜனவரியில் தொடங்கி 2023 ஜூன் வரை, ஊர் எல்லையைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள், எண்ணிய வீட்டைப் பதிவில் விட்டுவிட்டார்கள் என்பது போன்ற புகார்களை வாங்கிக்கொண்டார்கள். முறையீட்டை ஊரின் உயர்ந்த பதவியில் இருப்பவர் அனுப்ப வேண்டும். மோனோவியில் அது எல்சி. என் ஊரில் நான் ஒருத்திதான், இரண்டாவதாக யாரும் இல்லை என்று ஊர்த்தலைவராக அவர் எழுதியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. மறைப்பதற்காகக் கூட்டிய ஆளை நீக்கச் சொல்லும் புகார்கள் அந்த ஏற்பாட்டில் சேராது என்று விதியிலேயே சொல்லிவைத்திருந்தார்கள்.